நிலை வராத வீடு

கவிழ்த்துப் போட்ட சிமெண்டுச் சட்டிக்கு அடியில் மேஸ்திரி சிமெண்டு பூசுகிற கரணை பத்திரமாக இருந்தது. தூக்குக்குண்டு இருந்தது, நூல்கண்டு இருந்தது, மட்டப்பலகை சுவரில் சாய்ந்து நின்றது. மேஸ்திரியைத்தான் காணவில்லை.

டெய்லரக்கா சட்டியைப் பழையபடி கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்காதான். தையல் கடை வைத்த நாளிலிருந்து சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. காலையில் கடை திறக்கப் போகிற வழியில் இந்த மனைக்கு வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவதை அவள் வழக்கமாக வைத்திருந்தாள். வந்து என்ன ஆகப்போகிறது? சுவர் தானாக வளர்ந்திருக்குமா? பக்கச்சுவர் இரண்டும் பின்சுவரும் அவள் இடுப்புயரத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டன. முன்பக்கம் மூன்று படிகளைத் தவிர ஒன்றுமே இல்லை. நனைந்து நனைந்து செங்கல் குவியலில் பாசி பிடித்திருந்தது. மணல் குவியலில் ஒரு பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் வளர்ந்து பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டன. தகரக் கொட்டகைக்குள் சிமெண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஓரத்து மூட்டை கல்லாகிக்கொண்டிருந்தது. போனை எடுத்தாள்.

"மேஸ்திரி, எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேங்க்கா."

"போன மாசத்துலேர்ந்து வந்துக்கிட்டேதான் இருக்கீங்க. தவழ்ந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருக்கலாமே?"

"கோபப்படாதீங்கக்கா. நிலை வந்துடுச்சா?"

"அதை நான் உங்களைக் கேக்கணும்."

"நிலை வராம நான் வந்து என்ன பண்றது, சொல்லுங்க. நிலையை நிறுத்தினாத்தானே அதை அணைச்சு முன்சுவரை ஏத்த முடியும்? நிலை வந்த மறுநாள் நான் அங்க நிக்கலைன்னா என்னை ஏன்னு கேளுங்க."

இதற்கு முன்னால் மழை. மழைக்கு முன்னால் மணல் லாரி. அதற்கும் முன்னால் சித்தாள் ஒருத்தியின் தங்கைக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு மேஸ்திரியின் ஆட்கள் மொத்தமும் போய் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டு, திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அதெல்லாம்கூட ஒரு வழியாகத் தீர்ந்தது. இந்த நிலை விஷயம்தான் தீருகிற மாதிரி தெரியவில்லை. வாசல் கதவைத் தாங்குகிற மரச்சட்டம், அவ்வளவுதான். அதைச் செய்து தரச் சொல்லி மரப்பட்டறையில் முன்பணம் கொடுத்து எத்தனையோ காலமாகிறது. பட்டறைக்காரரைக் கேட்டால் ஒரு தடவை மரம் காயவில்லை என்பார், இன்னொரு தடவை அறுக்கிற மெஷின் ரிப்பேர் என்பார். அடுப்புக்குள் வைத்திருந்தால்கூட அந்த மரம் இந்நேரம் காய்ந்து, எரிந்து, சாம்பலாகியிருக்கும்.

வீடு கட்டி ஊரார் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் டெய்லரக்காவுக்குக் கிடையாது. இருக்கிற வாடகை வீடு மாடியில் இருந்தது, அதுதான் அவளுக்குப் பிரச்சினை. ஒருவர் ஏறினால் எதிரே வருகிறவர் ஒதுங்க இடமில்லாத படிக்கட்டு, அதில் நடுவே ஒரு திருப்பம் வேறு. அவள் கணவர் பஸ் டிரைவர். பணிமனையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தில் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்க வேண்டும். போன தடவை திருப்பத்தில் அவள் தம்பிக்குக் கால் வழுக்கி நாற்காலி சரிந்துவிட்டது. அவர் படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். "இனிமே என்னை இறக்காதீங்கப்பா" என்று அன்றைக்குச் சொன்னதுதான். ஊரையே சுற்றி வந்த மனுஷனுக்குக் கட்டிலும் ஜன்னலும்தான் மிச்சம்.

கீழ் வீடு வந்துவிட்டால் அவர் வெளியே வருவார், பயிற்சிக்குப் போவார், நடப்பார். நடப்பார் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. "புது வீட்டுக்குள்ள எங்க வீட்டுக்காரரு சொந்தக் கால்ல நடந்துதான் நுழைவாரு" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் சொல்லுவாள், பால்காரரிடம் சொல்லுவாள், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லுவாள். அஸ்திவாரம் போட்ட சமயம் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "முன்னாடி படி வேணுமாக்கா, சரிவா விட்டுடலாமா?" என்று கேட்டார். "படியே வைங்க. அவரு ஏறி வரணும், நான் இப்படி நின்னு பாக்கணும்" என்று இடம்கூடக் காட்டினாள். மேஸ்திரி அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

தம்பிதான் யோசனை சொன்னான். "ஏன்க்கா அந்த ஆளையே கட்டிக்கிட்டு அழுவுற? ஆளை மாத்து. எங்க கம்பெனிப் பக்கம் ஒரு கொத்தனார் இருக்காரு. பேச்சு சுத்தம், வேலை சுத்தம். கூட்டிட்டு வரேன்."

கூட்டியும் வந்தான். கொத்தனார் வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுவரைத் தட்டிப் பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மூலையைப் பார்த்தார்.

"நல்லா ஏத்தியிருக்காங்கக்கா. மூலையெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. அடுத்த மழைக்குள்ள கூரை போட்டுடலாம்."

டெய்லரக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டீ வாங்கி வரத் தம்பியை விரட்டினாள். கொத்தனார் பேசிக்கொண்டே கொட்டகைப் பக்கம் வந்தார். வந்தவர் கவிழ்ந்து கிடந்த சட்டியைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து அதன் விளிம்பை லேசாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தூங்குகிற பிள்ளையின் போர்வையை மூடுவது போல அலுங்காமல் மூடினார்.

"இது யாரோடதுக்கா?"

"பழைய மேஸ்திரியோடது. அது கெடக்குது, விடுங்க."

"பழைய மேஸ்திரின்னா எப்படி? இது ஆளு இருக்கற எடமாச்சே."

"ஆளு எங்கங்க இருக்கு? கண்ணுல காட்டுங்க, நானும் பாக்கறேன்."

"கரணை இருக்குல்ல? கரணை இருந்தா ஆளு இருக்குன்னுதான் அர்த்தம். இந்த எடத்துல இன்னொருத்தன் கை வெக்க மாட்டான்."

"அவ்வளவுதானே? நான் இப்பவே தூக்கிக்கிட்டுப் போய் அவரு வீட்டு வாசல்ல போட்டுட்டு வரேன்."

"ஐயய்யோ, தொட்டுடாதீங்க!" கொத்தனார் நிஜமாகவே பதறிப்போனார். "அவரா வந்து எடுக்கணும். இல்லேன்னா 'நீ பாத்துக்கப்பா'ன்னு அவரு வாயால எனக்கு ஒரு வார்த்தை வரணும். நாளைக்கு என் கரணை ஒரு எடத்துல கெடக்கும். அப்ப அதை அவரு தொடாம இருக்கணும்ல?"

"அப்ப உங்க கரணையும் எங்கயோ கெடக்குதா?"

கொத்தனார் வெட்கப்பட்டுச் சிரித்தார். "மூணு எடத்துல கெடக்குதுக்கா."

டீ வந்தது. குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்றும் சொல்லிவிட்டு, அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். டெய்லரக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சு சுத்தம், வேலை சுத்தம் என்று சொன்னவன் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நழுவினான்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கட்டிய கூடை இறங்கிக் காத்திருந்தது. அது அவர் கண்டுபிடிப்பு. காய்கறியையும் துணி மூட்டையையும் அதில் வைத்தால் மேலே இழுத்துக்கொள்வார். சுமையோடு அந்தப் படியில் அவள் ஏற வேண்டியதில்லை.

"முட்டை இருக்கு. மெதுவா இழுங்க."

"இத்தனை வருஷம் கியர் போட்ட கை. எனக்குத் தெரியாதா?"

அவள் மேலே போனபோது ஒரு முட்டைகூட உடையாமல் கூடை கட்டிலில் இருந்தது. அவரைச் சுற்றிச் சட்டைகள் பரப்பியிருந்தன. பட்டன் வைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும் இப்போது அவர் வேலை. ஆரம்பத்தில் ஊசி குத்திக் குத்தி விரலெல்லாம் ரத்தமாக இருந்தவர்தான், இன்றைக்கு அவர் வைத்த பட்டன் அறுந்ததென்று யாரும் கடைக்குத் திரும்பி வருவதில்லை.

சமைத்துக்கொண்டே கொத்தனார் கதையைச் சொன்னாள். மூன்று இடத்தில் கரணை கிடக்கிற கட்டம் வந்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. யாருக்காக நான் நாயா அலையறேன்?"

"அலையாதன்னுதானே சொல்றேன். நடக்கும்போது நடக்கும்."

"உங்களுக்கு அலுப்பே இல்லையா? இந்த ஒரு ரூமுக்குள்ள எப்படித்தான் பொறுமையா கெடக்கறீங்களோ."

"ஜன்னல் இருக்குல்ல. எவன் லேட்டா வரான், எவன் ஸ்டாப்பிங்ல நிக்காம போறான்னு எல்லாம் தெரியுது. இன்னிக்கு ஒரு பஸ்ஸு, பாவம் ஒரு கெழவரு கை காட்டறாரு, நிக்காம போயிட்டான்."

"நான் வீட்டைப் பத்திப் பேசினா நீங்க பஸ்ஸுக்குப் போயிடறீங்க. அந்தப் பட்டறைக்காரரை நீங்களாவது ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டா என்ன? உங்க சிநேகிதருதானே?"

"கேக்கறேன். அவரு தங்கமான மனுஷன், இல்லாத மரத்துக்கு அவரு எங்க போவாரு? மேஸ்திரியும் நல்லவருதான்."

"ஊர்ல எல்லாரும் தங்கம். நான் ஒருத்திதான் பித்தளை."

தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள். அவர் சாப்பிட்டார். சாப்பாடு நன்றாக இருக்கிறதென்று இரண்டு தடவை சொன்னார்.

அதன் பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கடைக்குத் திரும்புவதற்கு முன் தினமும் இதைச் செய்துவிட்டுத்தான் போவாள். கெண்டைக்கால் மெலிந்து தோல் தொளதொளத்திருந்தது. பாதத்தை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவி, மடக்கி, நீட்டினாள். ஒருநாள் வலது கட்டைவிரல் அசைந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். "அசைஞ்சுதா?" என்று கத்தினதற்கு அவரும் ஆமாம் என்றுதான் சொன்னார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"லேசா இருக்கிற மாதிரி தெரியுது."

"நான் சொன்னேன்ல? கீழ மட்டும் போயிட்டோம்னா, தெனம் பயிற்சிக்குப் போனோம்னா, எல்லாம் சரியாயிடும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பஸ்ஸு வருது" என்றார்.

அந்த வாரத்திலேயே மேஸ்திரி அவள் கையில் வசமாக மாட்டினார். ஒரு பல் டாக்டர் வீட்டு மதில் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார். சித்தாள் பெண்கள் இரண்டு பேர் கலவை போட, மேஸ்திரி சாரத்தின் மேல் நின்று மட்டப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். கையில் புதுக் கரணை. அதைப் பார்த்ததும் டெய்லரக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"கீழ எறங்குங்க மேஸ்திரி."

"வாங்கக்கா... நானே சாயங்காலம் வந்து பாக்கலாம்னு..."

"எறங்குங்க."

மேஸ்திரி இறங்கினார். முழங்கை வரை கலவை காய்ந்து வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் வீட்டைக் கட்டறீங்களா, கை கழுவிட்டீங்களா? கை கழுவிட்டா அந்தச் சட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். மாடியில ஒரு மனுஷன் அடைஞ்சு கெடக்கறாரு. உங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கதானே?"

"திட்டுங்கக்கா. எவ்வளவு வேணாலும் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா என் மேல தப்பு பாதிதான்."

"மீதி பாதி யாரு மேல?"

மேஸ்திரி மென்று முழுங்கினார். மதிலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"நிலைதான்க்கா."

"நிலை, நிலை, நிலை! அந்த மரம் என்ன காட்டுல இன்னும் வளந்துக்கிட்டா இருக்கு?"

கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "சொல்லித்தான் தொலைங்களேன் மேஸ்திரி. பாவம், அந்தக்கா எத்தனை நாளைக்கு அலையும்?"

"நீ உன் வேலையைப் பாரு." மேஸ்திரி அவளை அதட்டிவிட்டுக் குரலை இறக்கினார். "அக்கா, போன்ல கேட்டா பட்டறைக்காரரு ஆயிரம் சொல்லுவாரு. நேர்ல போங்க. முன்னாடி நின்னு பேசிட்டு வந்துடாதீங்க, நேரா பின்பக்கம் போய்ப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய நிலையை வேறு எவனுக்கோ கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டு அவள் காதில் பூச்சுற்றிக்கொண்டிருக்கிறார் பட்டறைக்காரர். வேறென்ன இருக்க முடியும்? வெயிலில் நடந்துகொண்டே பேச வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி. அந்த ஆள் இனிமேல் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது.

பட்டறையில் இழைப்பு மெஷின் காதைப் பிளந்துகொண்டிருந்தது. காதில் பென்சிலைச் செருகியிருந்த பட்டறைக்காரர் அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"வாங்கக்கா, வாங்க. உக்காருங்க, டீ சொல்றேன். மரம் இப்பத்தான் காஞ்சு..."

அவள் நிற்கவில்லை. மரத்தூளில் செருப்பு புதையப் புதையப் பின்பக்கம் போனாள். "அக்கா, அங்க ஆணியா கெடக்கும்" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓடி வந்தார். பின்சுவரை ஒட்டித் தார்ப்பாய் போர்த்தி என்னவோ நின்றது. ஒரே இழுப்பில் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

இழைத்து, எண்ணெய் கொடுத்து, பளபளவென்று ஒரு நிலை நின்றுகொண்டிருந்தது. சாக்பீஸால் 'டிரைவர் அண்ணன்' என்று எழுதியிருந்தது. ஆனால் அவள் சொன்ன அளவு இது இல்லை. துணி அளக்கிற கைக்கு டேப் வேண்டியதில்லை. கையை விரித்து வைத்துப் பார்த்தாள். வீட்டு வாசலுக்கு யாரும் இவ்வளவு அகலம் வைக்க மாட்டார்கள். கீழே காலைத் தூக்கித் தாண்டுகிற குறுக்குக்கட்டையும் இல்லை. மூன்று பக்கம்தான் இருந்தது.

"இது எங்களுது இல்லையே?"

"உங்களுதுதான்க்கா."

"நான் சொன்ன அளவு என்ன, இது என்ன? ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருக்கு. கீழ்க்கட்டை எங்க?"

"கீழ்க்கட்டை வேணாம்னு அண்ணன்தான் சொன்னாரு. சக்கரம் இடிக்கும்ல."

"எந்தச் சக்கரம்?"

பட்டறைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார்.

"நீங்க முன்பணம் கொடுத்துட்டுப் போன அன்னிக்கே அண்ணன் போன் பண்ணாரு. என் வீட்டுக்காரி சொன்ன அளவை விட்டுடு, இந்த அளவுல போடுன்னாரு. போட்டுட்டேன். எடுத்துட்டு வரட்டுமாண்ணேன்னு கேட்டா, இருப்பா, அவகிட்ட நான் இன்னும் சொல்லல, இதைப் பாத்தா அவளுக்குப் புரிஞ்சுடும்னாரு. அப்புறமும் கேட்டேன். இன்னும் சொல்லலன்னாரு. அவகிட்ட மரம் காயலன்னு சொல்லு, திட்டினா எனக்காக வாங்கிக்கன்னாரு. மேஸ்திரிக்கும் அதேதான். எத்தனை நாளு எனக்காக பஸ்ஸை நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போன மனுஷன், அவருகிட்ட முடியாதுன்னு எப்படிக்கா சொல்லுவேன்?"

"எங்கிட்ட என்ன சொல்லல?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அதை அண்ணன்தான் சொல்லணும்க்கா."

டெய்லரக்கா பக்கத்தில் கிடந்த மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்தான். மழையைத் திட்டினாள், மணல் லாரிக்காரனைத் திட்டினாள், இந்தப் பட்டறைக்காரரைப் போனில் கேட்காத கேள்வி இல்லை. மேஸ்திரியின் குலத்தையே இழுத்திருக்கிறாள். ஊர் முழுக்கத் தேடிய ஆள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மேலே ஏறிப் போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பட்டறைக்காரர் வாங்கி வைத்த டீயை அவள் தொடவில்லை.

வீட்டு வாசலில் கூடை இறங்கியிருந்தது. அதில் எதையும் வைக்காமல் மேலே போனாள். அவர் சட்டைக் காலரில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எந்த டாக்டர், எப்போது என்றெல்லாம் கேட்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"பட்டறைக்குப் போனியா?"

"டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டேன்."

"கால் வராதுன்னாரு. கையைப் பலமா வெச்சுக்குங்க, சக்கர நாற்காலிக்குப் பழகிக்குங்க, வீட்டையும் அதுக்குத் தோதா கட்டிக்குங்கன்னாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற அன்னிக்கு. நீ மருந்து வாங்கப் போயிருந்த."

"அன்னிக்கேவா? ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். நீ மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்ற. வரும்போதே அந்த நர்சம்மாகிட்ட, நாங்க கட்டப்போற புது வீட்டுக்குள்ள இவரு நடந்துதான் போவாரு, நீங்களும் வந்து பாக்கணும்னு சொல்லிக்கிட்டே வர்ற. அப்ப எப்படிச் சொல்றது?"

"அப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"அப்புறம் நீ தெருவுக்கே சொல்லிட்ட. கீழ நின்னு நீ பேசறது இங்க கேக்கும். ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைப்பேன். வீடு முடிஞ்சா நான் நடந்தாகணும். முடியாம இருக்கற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க, நீயும் சந்தோஷமா இருப்ப. அதான் நிலையை நிறுத்தி வெச்சேன்."

"அப்ப என் வாய்தான் வீட்டை நிறுத்தியிருக்கு."

"அப்படி இல்லம்மா."

"அப்படித்தான்! படி வேணுமான்னு அந்த மேஸ்திரி கேட்டாரே, அவருக்கும் தெரிஞ்சிருக்கு. சித்தாளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. அந்த மேஸ்திரியை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவாரு."

"கட்டைவிரல் அசைஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

அவர் மடியிலிருந்த சட்டைக் காலரை நீவிவிட்டார்.

"கேக்கறேன்ல? அசைஞ்சுதா, இல்லையா?"

"நீ பிடிச்சிருந்தல்ல, உன் கை ஆடியிருக்கும். நீ அவ்வளவு சந்தோஷமா கேட்ட, இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

அவளால் தாங்க முடியவில்லை. கையை ஓங்கி அவர் காலில் ஓர் அடி வைத்தாள். பலமான அடி, அவள் உள்ளங்கை எரிந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடி விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அவள் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடித்த இடத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மறுபடி அடித்திருப்பாள். கீழே இரண்டு பஸ் வந்து போயின, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அழுது முடித்து எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே போனைத் தேடி எடுத்தாள்.

"மேஸ்திரி, நான்தான். இல்ல, திட்டல. நாளைக்கு நிலை வருது. காலையில ஆளுங்களோட வந்துடுங்க. நான் பாத்துட்டேன், அகலமானதுதான். முன்னாடி அந்தப் படியை இடிச்சுட்டு சரிவா போட்டுடுங்க." மறுமுனையில் மேஸ்திரி தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். "ஆமா, தெரியும். அவரு நடக்க மாட்டாரு. சக்கர நாற்காலியிலதான் வருவாரு. அதுக்கேத்த மாதிரி கட்டுங்க."

அவர் நடக்க மாட்டார் என்று அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சட்டைக்கு எத்தனை பட்டன் என்று கேட்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

அவர் துணியில் குத்தி வைத்த ஊசியை மறுபடி கையில் எடுத்தார்.

"பாத்ரூம் கதவையும் சொல்லிடு."

"பாத்ரூமுக்கும் அதே அகலம் மேஸ்திரி" என்றாள் அவள்.